தீர விசாரிப்பதே மெய்!

மயிலையில், லஸ் முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. சந்தின் கோடியில் நமது படிப்பகம். தகரக் கூரை, இரண்டு விசுப்பலகை, ஏடுகளைத் தொங்கவிட ஒரு கயிறு. அதன் சொத்து அவ்வளவுதான். 2025 ஜூன் 13ஆம் நாள் காலை அங்கே போயிருந்தேன். முதல் நாள் பிற்பகல்தான் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம், மேலே எழும்பிய சில வினாடிகளில், மருத்துவ மாணவர் விடுதியின்மீது விழுந்தது. விமானத்திலிருந்தோர் 241 பேரும் தரையிலிருந்தோர் 19 பேருமாக 260 உயிர்களைப் பறித்த கொடுமை அது.

படிப்பகத்தில் பேச்சு அனல் பறந்தது. அச்சகத் தோழர் ஒருவர், "ஓட்டினவன்தான் எதையோ மாத்தி அமுக்கியிருப்பான்" என்றார். டீக்கடைத் தோழர், "இல்லவே இல்லை, இது சதி" என்றார். மூலையிலிருந்த பெரியவர், "விதி முடிஞ்சுது, போயிட்டாங்க" என்று பெருமூச்சு விட்டார். ஐந்தே நிமிடத்தில் மூன்று தீர்ப்புகள்! சாட்சி இல்லை, தடயம் இல்லை. தீர்ப்பு மட்டும் தயார்.

பஸ் பணிமனையில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, எங்க பக்கம் ஒரு வண்டி மோதினா, வண்டியைக் கழட்டிப் பாக்கறதுக்கு முன்னாடியே டிரைவர் மேலதான் பழி. ஆகாசத்துல பறக்கிற வண்டிக்கும் அதே நியாயம்தானா?"

நல்ல கேள்வி. பாட்டாளி கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அகமதாபாத்தில் விழுந்த விமானம் முழு உருவோடு விழுந்தது. அதைவிடக் கடினமான வழக்கு ஒன்று உண்டு. நடுவானில், முப்பதாயிரம் அடி உயரத்தில், ஒரு விமானம் துண்டு துண்டாகச் சிதறுகிறது. கண்ட சாட்சி இல்லை. உயிர் தப்பியவர் இல்லை. சிதறியவை கடலடியில் கிடக்கின்றன. அங்கேயும் உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எப்படிக் கண்டார்கள் என்று தெரிந்துகொண்டால், எப்படிக் காணக்கூடாது என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.

அவசரத் தீர்ப்பின் விலை

உலகில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிப் பறந்த ஜெட் விமானம் பிரிட்டனின் காமெட். 1952 மே 2ஆம் நாள் அதன் பயணச் சேவை தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2ஆம் நாள், கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து டில்லிக்குக் கிளம்பிய காமெட் ஒன்று சில நிமிடங்களில் இடிமின்னல் புயலில் சிக்கி வானிலேயே சிதறியது. 43 பேர் மாண்டனர். இந்திய விசாரணை மன்றம் ஆராய்ந்தது. புயலில் விமானத்தின் உடல் முறிந்தது. கடுங்காற்று முறித்திருக்கலாம், அல்லது விமானி கட்டுப்பாட்டை இழந்ததோ விசையை அளவுக்கு மீறி இழுத்ததோ காரணமாக இருக்கலாம் என்றது. புயல் அடித்ததும் உண்மை. விமானம் முறிந்ததும் உண்மை. ஆகவே உலகம் அதை நம்பிற்று. காமெட்டுகள் தொடர்ந்து பறந்தன.

1954 ஜனவரி 10. ரோமிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய காமெட், இத்தாலியின் எல்பா தீவருகே சிதறிக் கடலில் விழுந்தது. 35 பேர் மாண்டனர். அன்று புயலும் இல்லை, இடியும் இல்லை. காமெட்டுகளைத் தரையில் நிறுத்தினார்கள். ஆனால் எத்தனை நாள் நிறுத்துவது? ஒவ்வொரு நாளும் பண நட்டம், பெயர் நட்டம்! இன்னது காரணமாக இருக்கலாம், அல்லது அது காரணமாக இருக்கலாம் என்று நெருப்பு முதற்கொண்டு தோன்றியதற்கெல்லாம் திருத்தம் செய்தார்கள். உண்மைக் காரணம் தெரியாமலேயே மார்ச் 23ஆம் நாள் மீண்டும் பறக்கவிட்டார்கள்.

பதினாறே நாட்கள். ஏப்ரல் 8ஆம் நாள் நேப்பிள்ஸ் அருகே இன்னொரு காமெட் கடலில் விழுந்தது. மேலும் 21 பேர் மாண்டனர்.

தோழர்களே! அந்த 21 பேரைக் கொன்றது விமானம் மட்டுமா? காரணம் காணுமுன் "சரியாகிவிட்டது" என்று கூறிய அவசரம் அவர்களைக் கொல்லவில்லையா? இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

இம்முறை பிரிட்டன் பாடம் கற்றது. செலவையும் ஆட்பலத்தையும் கணக்குப் பார்க்க வேண்டாம், உண்மை வேண்டும் என்றார் பிரதமர் சர்ச்சில். எல்பா கடலடியில் கடற்படை தேடியது. நீருக்குள் தொலைக்காட்சிக் கருவியை இறக்கித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றை பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்து, மரச்சட்டத்தின்மேல் பொருத்திப் பொருத்தி மீண்டும் ஒரு விமானமாகக் கட்டினார்கள். அந்நிலையத்தின் தலைவர் ஆர்னால்டு ஹால்.

அத்துடன் நிற்கவில்லை. முழுக் காமெட் ஒன்றை மாபெரும் நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார்கள். நீர் எதற்கு? காற்றை அடைத்துச் சோதித்தால், வெடிக்கும்போது குண்டு வெடித்ததுபோல் எல்லாம் தூளாகும். எங்கே தொடங்கியது என்று தெரியாது. நீர் அப்படி விரியாது. கிழிந்த இடம் கிழிந்தபடியே இருக்கும். விமானம் உயரே போகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறும், இறங்கும்போது குறையும் அல்லவா? அதேபோல் நீரின் அழுத்தத்தை ஏற்றினார்கள், இறக்கினார்கள். இறக்கைகளை விசைகொண்டு வளைத்தார்கள். இரவும் பகலும் இதே வேலை.

உண்மையில் பறந்த பயணங்களையும் தொட்டியில் பறந்த பயணங்களையும் சேர்த்து 3,057ஆவது முறை வந்தபோது, விமானத்தின் உடல் கிழிந்தது. எங்கே? சாளரத் திறப்பின் மூலையில், ஆணித் துளையின் ஓரத்தில்! எல்பாவில் விழுந்த விமானம் பறந்தது 1,290 பயணங்கள். நேப்பிள்ஸ் அருகே விழுந்தது பறந்தது 900.

இதற்குத்தான் உலோகச் சோர்வு என்று பெயர். நம் படிப்பகத்துப் பணிமனைத் தோழர் இதை ஒரே வரியில் விளக்கினார்: "தகரத் துண்டை ஒரு தடவை வளைச்சா உடையாது அண்ணே, முன்னும் பின்னும் நாப்பது தடவை வளைச்சா, கை வலிக்கிறதுக்குள்ள உடைஞ்சுடும்." அதேதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் பாட்டி சொன்னது, கோடி கோடியாகக் கொட்டிச் செய்த விமானத்துக்கும் பொருந்திற்று. எல்பாவில் வென்றது புயலுமல்ல, விதியுமல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல்!

சிதறல் பேசுகிறது

அன்று முதல் இன்று வரை வளர்ந்துள்ள ஆய்வு முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எந்தப் பட்டறைத் தொழிலாளிக்கும் புரியக்கூடியதுதான்.

முதலாவது, விழுந்த இடங்களின் வரைபடம். முழுதாக விழுந்த விமானம் ஒரே இடத்தில் கிடக்கும். வானில் உடைந்தது மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும். பொதுவாக, முதலில் கழன்ற பாகம் வந்த வழியில் முதலில் கிடக்கும். கனமானவை முன்னே பாயும். இலேசானவை காற்று வீசிய பக்கம் ஒதுங்கும். காற்றின் வேகத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டால், எது முதலில் போயிற்று என்று வரிசை கட்டலாம். ஆகவே ஒரு துண்டைக்கூட இடம் குறிக்காமல் எடுக்கக்கூடாது. எடுத்தால் சாட்சியைக் கலைத்ததாகும்.

இரண்டாவது, முறிந்த வாய். சோர்ந்து முறிந்த உலோகத்தின் வாயில், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப்போல வரிவரியாக இருக்கும். விரிசல் சிறுகச் சிறுக வளர்ந்த வரலாறு அது. திடீரென்று பலமாக இழுபட்டு முறிந்ததில் அந்த வரிகள் இரா. குண்டு வெடித்ததென்றால், தகடு பூவிதழ்போல் சுருண்டு விரிந்திருக்கும். கொதிக்கும் வாயு பட்ட குழிகள் இருக்கும். இதழ் வெளிப்பக்கம் மடிந்திருந்தால் வெடித்தது உள்ளே. உட்பக்கம் மடிந்திருந்தால் தாக்கியது வெளியிலிருந்து.

மூன்றாவது, ஒன்றின்மேல் ஒன்று விட்டுப்போன தழும்பு. காமெட்டின் வாலில் பயணிகள் அறையின் கம்பளத் துணுக்கு சிக்கியிருந்தது. இறக்கையில் உடற்பகுதியின் வண்ணம் உரசியிருந்தது. அறை வெடித்துத் திறந்தபோது வாலும் இறக்கையும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன என்பதற்கு அவையே சாட்சி.

நான்காவது, கறுப்புப் பெட்டி. பெயர்தான் கறுப்பு, நிறம் ஆரஞ்சு. ஒன்று விமானி அறையின் ஒலியைப் பதியும். மற்றொன்று உயரம், வேகம் முதலியவற்றைப் பதியும். ஐந்தாவது, இறந்தோரின் உடல்கள். காமெட்டில் மாண்டோரின் நுரையீரல் கிழிந்திருந்ததை இத்தாலிய மருத்துவர்கள் கண்டார்கள். அறையின் காற்றழுத்தம் நொடியில் போய்விட்டது என்று அந்த உடல்கள் சொல்லின. இறந்தவர்களும் சாட்சி சொல்ல வருகிறார்கள், தோழர்களே! கேட்கத்தான் காது வேண்டும்.

இந்த ஐந்தும் ஒரே பக்கம் விரல் நீட்டினால்தான் அது காரணம். நான்கு ஒரு பக்கமும் ஒன்று மறு பக்கமும் இருந்தால், அந்த ஒன்றை மூடி மறைப்பதல்ல, ஏன் என்று கேட்பதே விசாரணை.

கனிஷ்கா சொன்ன பாடம்

நமது நாட்டு வழக்குக்கு வருவோம். 1985 ஜூன் 23. கனடாவிலிருந்து லண்டன் வழியாக டில்லிக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா', அயர்லாந்துக் கரைக்கு அப்பால், 31,000 அடி உயரத்தில், ராடார் திரையிலிருந்து மறைந்தது. 329 பேர் இருந்தனர், ஒருவரும் பிழைக்கவில்லை. பெரும்பாலோர் கனடாவில் குடியேறிய இந்திய வம்சாவளிக் குடும்பத்தினர். கிடைத்த உடல்கள் 131 மட்டுமே.

கறுப்புப் பெட்டிகள் ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் கிடந்தன. அந்நாளில் அத்தனை ஆழத்திலிருந்து எடுப்பது அரிய காரியம். இயந்திரக் கையை இறக்கி, ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் எடுத்துவிட்டார்கள். பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நம் நிபுணர்களும் அவற்றை ஆராய்ந்தார்கள். விமானிகளின் சாதாரணப் பேச்சு, திடீரென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. இயந்திரக் கோளாறு பற்றி ஒரு சொல் இல்லை, உதவி கேட்டு ஒரு குரல் இல்லை. கடலடியில் எடுத்த படங்களும் மேலே கொண்டுவந்த தகடுகளும் உள்ளிருந்து வெளியே கிழிந்த துளைகளைக் காட்டின. டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி கிர்பால் தலைமையிலான விசாரணை, 1986இல், சரக்கறையில் வைத்த வெடியே காரணம் என்று முடிவு கூறியது. வெடித்தது முன்புறச் சரக்கறையிலா பின்புறத்திலா என்பதில் பின்னர் மாறுபட்ட கருத்து எழுந்தது. வெடி என்பதில் சந்தேகம் எழவில்லை.

வானில் நடந்தது இது. மண்ணில் நடந்தது என்ன? அதைக் கேட்டால் நெஞ்சு கொதிக்கும்.

வான்கூவரில் ஒருவன் பெட்டியைக் கொடுத்தான். அவன் விமானம் ஏறவில்லை. பெட்டி மட்டும் ஏறியது. டொரண்டோவில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் பழுதாகி நின்றது. கையில் பிடிக்கும் ஒரு கருவியைக் கொடுத்துச் சமாளிக்கச் சொன்னார்கள். சோதனைக்கு நின்றவர்களோ குறைந்த கூலிக்குக் குத்தகை நிறுவனம் பிடித்துவந்தவர்கள், பயிற்சி போதாதவர்கள். 2010இல் வெளிவந்த நீதிபதி மேஜர் ஆணையத்தின் அறிக்கை, தவறுக்குமேல் தவறு அடுக்கடுக்காக நடந்ததை விரித்துக் கூறிற்று.

அதே நாள், கனிஷ்கா சிதறுவதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் முன்னதாக, ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்தது. அதுவும் கனடாவிலிருந்து வந்ததே. வேறொரு ஏர் இந்தியா விமானத்துக்குப் போக வேண்டியது. மாண்டவர்கள் யார்? சுமை தூக்கும் தொழிலாளிகள் இருவர்! எங்கோ ஒருவன் சதி செய்தான்; எங்கோ ஒரு நிர்வாகம் சிக்கனம் செய்தது; சுமந்தவன் செத்தான். உலகம் முழுவதும் இதே கதைதான்.

நம் வாசலில் நடந்தது

"இதெல்லாம் கடல் கடந்த கதை" என்று எண்ணுகிறீர்களா? தியாகராய நகரிலிருந்து மின்சார ரயிலேறினால் சற்று நேரத்தில் மீனம்பாக்கம். 1984 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு, அந்த விமான நிலையத்தில் பெட்டிகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் இலங்கைப் பயணிகள். அந்தப் பெட்டிகள் போயிருக்க வேண்டியது கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்தில். கொடுத்தவன் ஏறவில்லை; பெட்டிகள் பின்தங்கின. வெடிகுண்டு இருப்பதாகத் தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. அகற்றுவதற்குள் வெடித்தன.

தேதியைக் கவனியுங்கள். மீனம்பாக்கம் 1984 ஆகஸ்ட். கனிஷ்கா 1985 ஜூன். இடையில் பத்தே மாதங்கள்! ஆளில்லாப் பெட்டி ஆளைக் கொல்லும் என்று சென்னை மண்ணில் இரத்தத்தால் எழுதிய பாடம், கடல் கடந்து டொரண்டோவுக்குப் போய்ச் சேரவில்லை. பாடத்தைப் படித்து, சட்டமாக்கி, ஒவ்வொரு நிலையத்திலும் கட்டாயமாக்கியிருந்தால்? அந்தக் கேள்விக்கு விடை சொல்ல 329 பேரும் இன்று இல்லை.

"போனவர் போனார், காரணம் தெரிந்து என்ன லாபம்?" என்று கேட்கும் பெரியவருக்கு இதுவே என் பதில். காமெட்டின் காரணம் தெரிந்தபின், உலோகச் சோர்வைச் சோதித்துப் பார்க்காமல் பயணி விமானம் கட்டுவது நின்றது. கனிஷ்காவின் காரணம் தெரிந்தபின், ஏறாத பயணியின் பெட்டியை இறக்கிவிடும் முறை நாடுகளுக்குப் பரவிற்று. உங்கள் மகனோ மகளோ துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்ப் பத்திரமாகத் திரும்புவது, செத்தவர்கள் சொன்ன சாட்சியை யாரோ சிலர் பொறுமையாகக் கேட்டதால்தான்.

இரு பக்கமும் கூர்

"அப்படியானால் வானில் சிதறினால் குண்டுதான்" என்று டீக்கடைத் தோழர் துள்ள வேண்டாம். 1996 ஜூலை 17ஆம் நாள் நியூயார்க் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் வானில் வெடித்து 230 பேர் மாண்டனர். குண்டு என்றார்கள், ஏவுகணை என்றார்கள். ஆய்வாளர்கள் நான்காண்டு உழைத்தார்கள். விமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கடலிலிருந்து எடுத்துக் கோத்துப் பார்த்தார்கள். நடுவிலிருந்த எரிபொருள் தொட்டியின் ஆவி தீப்பற்றி வெடித்தது, மின்கசிவே பெரும்பாலும் பொறியாகியிருக்கும் என்று 2000ஆம் ஆண்டு முடிவு கூறினார்கள்.

இன்னொன்று. 2002 மே 25ஆம் நாள் தைவானின் சைனா ஏர்லைன்ஸ் விமானம் கடலுக்கு மேலே சிதறி 225 பேர் மாண்டனர். காரணம் எங்கே கிடந்தது? இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்! 1980இல் அதே விமானம் ஹாங்காங்கில் இறங்கும்போது வால் தரையில் உரசியது. கீறல் விழுந்த தகட்டை முறைப்படி வெட்டி எடுக்காமல், மேலே ஒரு தகட்டைப் போட்டு ரிவெட் அடித்து மூடினார்கள். ஒட்டுக்கு அடியில் விரிசல் வளர்ந்தது. ஒட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை படிந்திருந்தது விபத்துக்கு முன்பே எடுத்த புகைப்படங்களில் தெரிகிறது. கறை கூவிற்று, கேட்பாரில்லை.

ஹவாய்த் தீவில் 1988 ஏப்ரல் 28ஆம் நாள் அலோகா நிறுவன விமானத்தின் கூரை பறக்கும்போதே பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் மாண்டார். 89,680 பயணம் பறந்து தேய்ந்த விமானம் அது. ஏறும்போதே உடலில் விரிசலைக் கண்டார் ஒரு பயணி; நமக்கேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

புயல், குண்டு, பொறி, விரிசல், ஒட்டு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணம். வெளித்தோற்றம் மட்டும் ஒன்றே: வானில் உடைந்த ஒரு விமானம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது வெறும் பழமொழியல்ல. அதுதான் விஞ்ஞானம்.

நம்மிடம் என்ன இல்லை?

அறிவில்லையா நம்மிடம்? அடையாற்றிலிருந்து புறப்படுங்கள். கிண்டிக் காட்டோரம் ஐ.ஐ.டி.யில் விமானப் பொறியியல் கற்பிக்கிறார்கள். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் உலோகச் சோர்வையும் முறிவையும் ஆராயும் கூடம் இருக்கிறது. வேளச்சேரி தாண்டிப் பள்ளிக்கரணை போனால் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்.

2016 ஜூலை 22ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 வங்கக் கடலுக்கு மேலே மறைந்தது. 29 பேர். அவர்களில் எட்டுப் பேர் விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் ஊழியர்கள். நம்மைப்போல் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்கள். கப்பல்களும் விமானங்களும் தேடிக் களைத்தன. ஏழாண்டு கழிந்தபின், பள்ளிக்கரணைக் கழகம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், உடைந்து கிடந்த விமானத்தைப் படம் பிடித்தது. 2024 ஜனவரி 12ஆம் நாள் அரசு அறிவித்தது. கனிஷ்காவின் பெட்டிகள் கிடந்ததைவிட ஆழமான இடம்! இடம் தெரிவது முதல் படி. சிதறல் எப்படிக் கிடக்கிறது, முறிந்த வாய் என்ன சொல்கிறது என்று படிப்பது அடுத்த படி. அந்த அடுத்த படியைக் கேட்கும் உரிமை அந்த 29 குடும்பங்களுக்கும் உண்டு.

ஆகவே அறிவு உண்டு, கருவி உண்டு, ஆளும் உண்டு. இல்லாதது ஒன்று: சுதந்திரம். விமான விபத்துகளை விசாரிக்க 2012இல் ஒரு பணியகம் அமைத்தார்கள். அது எங்கே இருக்கிறது? விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழே! விமானங்களுக்கு உரிமம் கொடுக்கும் துறை எந்த அமைச்சகத்தின் கீழே? அதே அமைச்சகம்! சோதனை சரியாக நடந்ததா என்று கேட்க வேண்டியவரும், சோதனையை நடத்த வேண்டியவரும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதை வராது என்று யார் உறுதி சொல்வது? அமெரிக்கா 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் விசாரணை வாரியத்தைப் போக்குவரத்துத் துறையிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்திவிட்டது. விசாரிப்பவன் வேறு, ஆள்பவன் வேறு, விற்பவன் வேறு என்று இருந்தால்தான் நியாயம்.

அகமதாபாத் விபத்தைப் பற்றி 2025 ஜூலை 12ஆம் நாள் முதற்கட்ட அறிக்கை வந்தது. எரிபொருள் விசைகள் ஒரு வினாடி இடைவெளியில் நின்ற நிலைக்கு மாறின; ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் கூறினார் என்று இரண்டு வரி அதில் இருந்தது. அவ்வளவுதான்! கடல் கடந்த ஏடுகள் சில, வாதாட வரமுடியாத, மண்ணோடு மண்ணான மனிதரைக் குற்றக்கூண்டில் ஏற்றின. எய்தவன் யாரென்று தெரியுமுன் அம்பை நோகும் அவசரம்! விமானி தவறே செய்யமாட்டார் என்று நான் வாதாடவில்லை. அதுவும் தடயத்தால் நிலைநாட்டப்படட்டும் என்கிறேன். விபத்து விசாரணையின் நோக்கம் மறுமுறை நடவாமல் தடுப்பதே, பழி சுமத்துவதல்ல என்று நாடுகளெல்லாம் ஒப்புக்கொண்ட விதியே இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியது

விசாரணைப் பணியகத்தை அமைச்சகத்தின் பிடியிலிருந்து விடுவித்து, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தனி அமைப்பாக்குக! அறிக்கையை முழுமையாக, தமிழிலும் பிற மொழிகளிலும், மக்கள் கையில் கொடுக்க! விரிசலைக் கண்டு சொல்லும் தொழிலாளியின் வேலைக்குச் சட்டக் காப்பு அளிக்க! பாதுகாப்புச் சோதனையை மலிவுக் கூலிக் குத்தகைக்கு விடாதிருக்க!

இவை விமானத்தில் போகிறவர்களுக்கான கோரிக்கைகள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டறையில் கொதிகலன் வெடித்தாலும், பட்டாசுக் கொட்டகை தீப்பற்றினாலும், "தொழிலாளியின் கவனக்குறைவு" என்ற இரண்டு சொல்லை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். முறிந்த வாயைப் பார்த்தீர்களா, ஒட்டுப் போட்டது யார், எச்சரித்தவன் பேச்சைக் கேட்டீர்களா என்று இனி நாம் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்பதற்கு நாமும் தகுதி பெற வேண்டும். சாட்சி இல்லாமல் விமானியைப் பழித்த வாய், நாளை சாட்சி இல்லாமல் தன்னைப் பழிக்கும்போது நியாயம் கேட்க முடியாது.

அன்று படிப்பகத்தை விட்டுக் கிளம்பும்போது பணிமனைத் தோழர் சொன்னார்: "போன மாசம் ஒரு வண்டியோட சட்டத்துல மயிரிழை விரிசல் பாத்தேன் அண்ணே. எழுதிக் கொடுத்தா வேலையைக் கெடுக்கிறான்னு சொல்வாங்கன்னு கம்முனு இருந்தேன். இன்னைக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போறேன்."

எழுதிக் கொடுத்தார். வண்டியை நிறுத்தினார்கள். அந்த வண்டியில் போகவிருந்தவர்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.